எடை குறைத்த காரும் எருமைத் தோலும்

போன செவ்வாய்க்கிழமை காலை. அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது, போன் அடிக்கிறது. எடுத்தால் குடியாத்தத்தில் லுங்கிக் கடை வைத்திருக்கும் என் நாத்தனார். அவர் என்னை நலம் விசாரிக்கக் கூப்பிட்டதாகச் சரித்திரமே கிடையாது.

"அண்ணி, இன்னா இது... வாட்ஸப்புல ஒரு வீடியோ வந்திருக்கு. நம்ம நிம்மி ரேஸ் கார் ஓட்டுது. சீட்டுல அண்ணன் லுங்கி கட்டியிருக்கு. நெஜமா?"

நிஜம்தான் என்றேன்.

"எந்த லுங்கி? நான் கிறிஸ்துமஸுக்கு எடுத்துக் குடுத்த பச்சைக் கட்டமா?"

அதுவேதான் என்றேன். அவர் "சாயம் போவாதுன்னு அப்பவே சொன்னேனே" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கோபமா, பெருமையா? இதை எழுதும் வரை எனக்குப் பிடிபடவில்லை.

ஆக, விஷயம் ஊருக்குப் போய்விட்டது. அடுத்தவர்கள் மசாலா தூவிச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

நிம்மி என் மகள். ராணிப்பேட்டையில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் வேலை. சம்பாதிக்கிற பெண் என்ன வாங்குவாள்? நகை வாங்குவாள். மிஞ்சினால் ஒரு ஸ்கூட்டி. இவள் வாங்கியது துரு. ஆமாம், துருதான். அதற்குள் எங்கேயோ ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது.

மூடிக் கிடந்த, தோல் பதனிடும் டேனரி ஒன்றின் உப்பு ஷெட்டில் அதைக் கண்டுபிடித்தாளாம். பச்சைத் தோல் அழுகாமலிருக்க மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டி வைப்பார்களே, அந்த ஷெட். முதலாளியின் மகன் இளமையில் ஆசைப்பட்டு வாங்கி, ஆசை தீர்ந்ததும் அங்கே தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். தோலைக் காப்பாற்றிய உப்பு காரைத் தின்றுவிட்டது. ஒரு காலத்தில் சிவப்பு நிறமாம். நான் பார்த்தபோது பழைய தோசைக்கல் நிறம். கதவைத் திறந்தேன், கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. மினி லாரியில் ஏற்றிப் பள்ளிகொண்டா மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுவந்தபோது வழியில் சைலன்சர் எங்கோ விழுந்தது. யாரும் தேடிப் போகவில்லை.

எதற்கு இந்தக் கொடுமை? ஆட்டோகிராஸ் ஓட்டப் போகிறாளாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்கே போன வருடம்தான் தெரியும். இது நாலைந்து கார்கள் முட்டி மோதிக்கொண்டு ஓடும் ரேஸ் இல்லை. ஒரு காலி இடத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். அவற்றின் நடுவே ஒவ்வொரு காராக ஓட்ட வேண்டும். போட்டி கடிகாரத்தோடுதான். கூம்பை இடித்தால் நேரத்தைக் கூட்டிவிடுவார்கள். பாதையைத் தவறவிட்டால் அந்த ஓட்டம் கணக்கிலேயே இல்லை. இதில் பட்ஜெட் பிரிவு என்று ஒன்று. பழைய வண்டியைக் குறைந்த செலவில் தேற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கு.

நிம்மிக்கு இது பொழுதுபோக்கு இல்லை. இன்ஜினியரிங் படித்தபோது காலேஜில் ரேஸ் கார் செய்யும் குழுவில் இருந்தாள். வெல்டிங் செய்தாள், என்ஜின் கழற்றினாள், பையன்களுக்கு டீயும் வாங்கி வந்தாள். ஆனால், ஓட்டும் நாள் வந்தால் ஸ்டீயரிங் மட்டும் எப்போதும் ஒரு பையன் கையில். "நீ டென்ஷன் ஆயிடுவ" என்பார்களாம். மூன்று வருடம் அந்தப் பையன்கள் கூம்பு கூம்பாக இடித்துத் தள்ளியதை ஓரமாக நின்று பார்த்திருக்கிறாள். இந்தத் துருப்பிடித்த வண்டியில்தான் ஸ்டீயரிங் அவளுடையது.

இப்போது என் வீட்டுக்காரருக்கு வருவோம்.

ஜான்சன். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் ஃபினிஷிங் டிபார்ட்மென்ட் சூப்பர்வைசர். வாழ்நாள் முழுக்கத் தோலைத் தடவிப் பார்த்து ஏ, பி, சி, ரிஜெக்ட் என்று தரம் பிரித்தவர். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. இட்லியை விரலால் அழுத்திப் பார்த்து "பி" என்பார். பாஸ்டரின் பிரசங்கம் நீண்டால் என் காதில் "சி" என்பார். கல்யாணமான புதிதில் என் கன்னத்தைத் தொட்டு, "கிரெய்ன் நல்லா இருக்கு" என்றார். தோலின் மேல்பரப்பைத்தான் அப்படிச் சொல்வார்களாம். அது பாராட்டு என்று புரிய எனக்குப் பல வருடம் ஆனது.

அவர் காரைச் சுற்றி வந்தார். தட்டினார். ஒரு துண்டு உதிர்ந்தது. "ரிஜெக்ட்" என்றார்.

நிம்மி விடவில்லை. அப்பாவும் பெண்ணும் ஒரே வார்ப்பு, இரண்டும் பிடித்த பிடியை விடாது. கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. முதல் போட்டியிலேயே முதல் ஐந்து இடத்துக்குள் வந்து கோயம்புத்தூர்ச் சுற்றுக்குத் தேர்வாக வேண்டும். இல்லாவிட்டால் வண்டி காயலான் கடைக்கு. அதற்குப் பிறகு ரேஸ் என்ற பேச்சே வீட்டில் கூடாது. நிம்மி கை கொடுத்தாள்.

பள்ளிகொண்டா ஹைவே ஓரத்தில் அன்வர் பாய் ஷெட். அவர்தான் மெக்கானிக். ஓட்டை விழுந்த இடங்களில் எல்லாம் தகடு வைத்து வெல்டிங் செய்தார். வண்டி உருண்டாலும் தாங்க உள்ளே இரும்புக் கம்பி போட்டார். பட்ஜெட்டை டயருக்கும் பிரேக்குக்கும் கொட்டிவிட்டு, மீதியை நிம்மி கழற்றத் தொடங்கினாள். எடை குறைந்தால்தான் வண்டி சட்டென்று திரும்பும், சட்டென்று நிற்குமாம். கார்ப்பெட் போனது. ரேடியோ போனது. கூரைத் துணி போனது. கதவுக்கு உள்பக்க அட்டை போனது. ஏசியில் கை வைத்தபோது அன்வர் பாய்க்குத் தாங்கவில்லை.

"பாப்பா, வேலூர் வெய்யிலுக்கு ஏசி இல்லாத வண்டியா? ரொம்பப் பேஜார்மா."

அதுவும் போனது. வீட்டில் என் சமையலறைத் தராசில், மிளகாய்த்தூள் பக்கத்தில், கதவுக் கைப்பிடியையும் கண்ணாடி சுற்றும் பிடியையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி சாப்பாட்டில் இரண்டாவது சப்பாத்தியை அவள் வேண்டாம் என்றபோது, வண்டிக்கு மட்டுமல்ல, டிரைவருக்கும் டயட் என்று தெரிந்துகொண்டேன்.

கடைசியில் உள்ளே மிஞ்சியது வெறும் தகடு. நடுவில் ஒரு மெல்லிய ரேஸ் சீட், அதற்கு நழுவாமலிருக்க ஒரு சொரசொரத் துணி உறை. அவ்வளவுதான். பார்க்கச் சகிக்காது. ஆனால் அன்வர் பாய் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "வண்டி கைல நிக்குது பாப்பா" என்றார். நிம்மியின் முகத்தில் அன்று பார்த்த சந்தோஷத்தை அவள் பிளஸ் டூ ரிசல்ட்டின்போதுகூட நான் பார்க்கவில்லை.

போட்டிக்கு முந்தின வாரம் கம்பெனி அவளை டிரெயினிங் என்று புனேவுக்கு அனுப்பியது. வண்டி எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் வந்து நின்றது. வினை அங்கே ஆரம்பித்தது.

ஜான்சனின் தோஸ்துகள் வண்டி பார்க்க வந்தார்கள். எல்லாரும் தோல் லைன். ஒருவர் கட்டிங், ஒருவர் தையல், ஒருவர் ஷூவுக்கு சோல் ஒட்டும் பிரிவு. கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னா ஜான்சா... நாமெல்லாம் தோல் லைன்ல இருந்துக்கினு, பொண்ணு வண்டி இப்டி மொட்டையா நிக்குது?"

போதாதா? எங்கள் ஊர்ப்பக்கத்து ஆண்களிடம் சொத்து இல்லை என்று சொல்லலாம், புத்தி இல்லை என்றுகூடச் சொல்லலாம். தோல் இல்லை என்று சொல்லிவிட்டால் அன்றைக்குத் தூக்கம் போய்விடும்.

மறுநாளே ரிஜெக்ட் சேலில் எருமைத் தோல் வந்து இறங்கியது. தடித் தோல், சோபாவுக்குப் போடுவது. கூடவே ஃபோம், பிளைவுட், ஓரம் தைக்கப் பைப்பிங், டின் டின்னாக சோல் ஒட்டும் சொல்யூஷன். நான் சொல்லிப் பார்த்தேன். அவள் வேண்டுமென்றுதான் கழற்றியிருக்கிறாள், எடை குறைக்கிறாள் என்றேன். "அது காசு இல்லாம கழட்டினது, ஸ்டெல்லா. பட்ஜெட்டுன்னு சொல்லுதே, கேக்கல நீ?" என்றார் ஜான்சன். இது ரிஜெக்ட் தோல், தோஸ்துகளின் கூலி இலவசம், ஆக பட்ஜெட்டில் கை வைக்கவே இல்லையாம். செலவுக் கணக்கு சரிதான், எடைக் கணக்கு யார் பார்ப்பது?

புனேவுக்குப் போன் போட்டேன். அப்பா வண்டியில் என்னவோ செய்கிறார் என்றேன். "தொடச்சு வெக்கறாராம்மா? வெக்கட்டும்" என்று சிரித்துவிட்டு வைத்தாள். கிளாஸ் ஆரம்பித்துவிட்டதாம்.

ஒரு வாரம் எங்கள் போர்ட்டிகோ ஒரு குட்டி ஃபாக்டரி. கதவுக்கு பிளைவுட் அடித்துத் தோல். டேஷ்போர்டுக்குத் தோல். கூரைக்கு ஃபோம் வைத்துத் தோல். கியர் குமிழுக்கும் குட்டியாக ஒரு தோல் தொப்பி. அந்த சொரசொரத் துணி உறையைக் கழற்றித் தரை துடைக்கக் கொடுத்துவிட்டு, சீட்டுக்கும் தோல் போட்டார்கள். அதற்கு ஜான்சன் தன் கையாலேயே ஃபினிஷிங் கொடுத்தார். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. தோல் வாங்கும் வெளிநாட்டு பயருக்குக் கொடுக்கும் ஃபினிஷாம். தலை சாயும் இடத்தில் "நிம்மி" என்று அச்சு. அந்த எழுத்தைத் தடவிக்கொண்டே நின்றவரைப் பார்த்தபோது, நானும் ஒரு நிமிடம் எடையை மறந்துவிட்டேன் என்பது உண்மை.

சனிக்கிழமை மதியம் நிம்மி வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் போர்ட்டிகோவுக்கு ஓடினாள். கதவைத் திறந்தாள். நின்றாள்.

தோஸ்துகள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஜான்சன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏ கிரேடு வாங்கப் போகிற மாணவன் மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிம்மி உள்ளே பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"சூப்பர்ப்பா" என்றாள்.

பிறகு நேராகச் சமையலறைக்கு வந்து, தண்ணீர் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். "ஒரு ஆள் எடை இருக்கும்மா. அப்பாவையே தோள்ல ஏத்திக்கினு ஓட்டற மாதிரி" என்றாள். பிய்த்துவிடலாமே என்றேன். அந்தச் சொல்யூஷன் பிடித்தால் பிடித்ததுதான், ஒரு சாயங்காலத்தில் நடக்காது என்றாள். நடந்தாலும் அவர் முன்னால் எப்படிப் பிய்ப்பது என்றாள். எனக்கு ஜான்சன் மேல் வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்குச் சோறு வைத்ததே பெரிய விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை. காவேரிப்பாக்கம் தாண்டி ஒரு லேஅவுட். வளைவு, கொடி, வர்ணம் அடித்த எல்லைக் கற்கள் எல்லாம் உண்டு. வீடு மட்டும் ஒன்றுகூட இல்லை. யாரும் மனை வாங்காத புண்ணியத்தில் தார்ச்சாலை வழவழவென்று இருந்தது. மோட்டார் கிளப்காரர்கள் அங்கே கூம்புகளை நட்டிருந்தார்கள். ஆளுக்கு மூன்று ஓட்டம், அதில் சிறந்த ஒன்றுதான் கணக்கு.

நிம்மியின் வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. எல்லாரும் உள்ளே எட்டிப் பார்த்துப் போட்டோ எடுத்தார்கள். மைக் பிடித்திருந்தவர், "இன்றைய சிறந்த இன்டீரியர்" என்று அறிவித்தார். ஜான்சனுக்குக் கால் தரையில் இல்லை. போட்டிக்கு வந்திருந்த ஒருவர் தன் வீட்டு சோபாவுக்கு இதே தோல் கிடைக்குமா என்று கேட்டார். இவர் அவருக்கு ஃபினிஷிங் பற்றி வகுப்பு எடுக்க ஆரம்பித்தார்.

முதல் ஓட்டம். வண்டி கிளம்பியது. முதல் வளைவில் அது ஒரு பக்கம் திரும்ப, நிம்மி இன்னொரு பக்கம் நழுவியது வெளியிலிருந்தே தெரிந்தது. பெல்ட் தோளைப் பிடிக்கிறது, இடுப்பை அந்தப் பளபளப்பு பிடிக்க விடவில்லை. கூம்புகள் பறந்தன. பட்டியலில் அவள் பெயர் கடைசிக்குப் பக்கத்தில்.

இரண்டாவது ஓட்டம். வெயில் ஏறிவிட்டது. தோல் கொதிக்கிறது, வியர்வை வேறு. பாதி வழியில் ஒரு வளைவில் அவள் சறுக்கியதில் கால் பெடலை விட்டுவிட்டது, வண்டி பாதையை விட்டு வெளியேறி ஒரு மனைக்குள் போய் நின்றது. ஓட்டம் செல்லாது. வேடிக்கை பார்க்க வந்திருந்த காலேஜ் பையன்கள் இரண்டு பேர் "டென்ஷன் ஆயிட்டாங்க போல" என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஜான்சனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, "ஏங்க, அவ வண்டியா ஓட்டறா? உங்க சோபாவுல உக்காந்து வழுக்கிக்கினு இருக்கா" என்றேன்.

அவர் முறைத்தார். நேராக வண்டிக்குப் போனார், சீட்டில் உட்கார்ந்தார், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உடம்பை ஒரு பக்கம் சாய்த்தார். வழுக்கிக்கொண்டு போய்க் கதவில் முட்டிக்கொண்டார். அவருடைய ஃபினிஷிங் அவ்வளவு நன்றாக இருந்தது. மறுபக்கம் சாய்த்தார். அதே கதை. இறங்கி வந்து நிம்மியைப் பார்த்தார்.

"ஏம்மா சொல்லல?"

"உங்க மூஞ்சியப் பார்த்தேம்பா. சொல்ல வர்ல."

ஜான்சன் சாப்பாட்டுப் பையைத் திறந்து, எங்கே போனாலும் கூடவே எடுத்துப்போகும் தோல் வெட்டும் கத்தியை எடுத்தார். முதலில் கூரையைக் கிழித்தார். பிறகு கதவு. "நிம்மி" என்று அச்சு போட்ட இடம் வந்தபோது கை ஒரு நொடி நின்றது, பிறகு அதையும் கிழித்தார். பிளைவுட்டோ அசைவேனா என்றது. அன்வர் பாய் கடப்பாரையைக் கொண்டுவந்து நெம்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஜென்மத்துக்கும் சேத்து ஒட்டிருக்கீங்க" என்றார். சாப்பாட்டு இடைவேளை முழுக்க ஜான்சன் தன் ஒட்டையே திட்டிக்கொண்டு பிய்த்தார். பிரியாணி ஆறிப்போனது.

எல்லாம் போயிற்று. ஆனால் சீட்டு? தோலை உரித்ததும் வெறும் ஃபோம், உட்கார்ந்தால் பொடிப்பொடியாக உதிர்கிறது. அந்தச் சொரசொரத் துணி எங்கள் வீட்டு வாளியில் ஊறிக்கொண்டிருக்கிறது. மைக்கில் நிம்மியின் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் ஜான்சன் அதே பையிலிருந்து லுங்கியை எடுத்தார். சாப்பிட்டதும் எங்கேயாவது கால் நீட்ட, அவர் லுங்கி இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. சீட்டைச் சுற்றிக் கட்டி, இடுப்பில் முடிவது போலவே இறுக்கி முடிந்தார். பருத்தித் துணி, நன்றாகப் பிடித்துக்கொண்டது. சோதிக்க வந்த அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். லுங்கிக்கு விதி இல்லை. முடிச்சைத் தொங்க விடாமல் உள்ளே செருகச் சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் சிரித்துத் தீர்த்தது, போன்கள் எல்லாம் மேலே எழுந்தன. அந்த வீடியோதான் குடியாத்தம் வரைக்கும் போனது.

நிம்மி உட்கார்ந்தாள். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினாள்.

எனக்கு ரேஸ் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பிரித்துப் போட்ட வண்டியில் என் பெண் போனதைப் பார்த்தேன். வளைவுகளில் வண்டியும் அவளும் ஒன்றாகத் திரும்பினார்கள். ஒரு கூம்புகூட அசையவில்லை. காலேஜ் பையன்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நான் யாரோ முன்பின் தெரியாத பெண்மணியின் தோளைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தேன்.

நேரம் அறிவித்தார்கள். ஆறாவது இடம்.

கோயம்புத்தூருக்கு ஐந்து பேர்தான்.

திரும்பி வரும் வழியில் யோசித்துக்கொண்டே வந்தேன். உதவி என்றால் என்ன? எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பதா? நாம் யாராவது கேட்டிருக்கிறோமா? நம் கையில் என்ன இருக்கிறதோ, அதை அவர்கள் தலையில் கட்டுகிறோம். டாக்டர் கஞ்சி குடிக்கச் சொன்ன நோயாளிக்கு ஆம்பூர்க்காரன் பிரியாணி எடுத்துப்போவான். வேலை தேடுகிற பையனுக்கு உறவினர் அனைவரும் சேர்ந்து அறிவுரை கொடுப்பார்கள். வாங்கிக்கொள்கிறவர்களும் முகத்தைப் பார்த்துவிட்டு "சூப்பர்" என்று சொல்லித் தொலைக்கிறார்கள். பிறகு அந்தப் பாரத்தையும் ஏற்றிக்கொண்டு வளைவுகளில் வழுக்குகிறார்கள்.

திங்கட்கிழமை காலை நிம்மி தானாகவே காயலான் கடைக்குப் போன் செய்துவிட்டாள். கை கொடுத்தது கொடுத்ததுதானாம். கடைக்காரர் குட்டி யானை வண்டியோடு வாசலில் வந்து நின்றார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

ஜான்சன் லுங்கியோடு வெளியே வந்தார். வேறு லுங்கி. பச்சைக் கட்டம் இன்னும் சீட்டில்தான் இருந்தது. காருக்கும் கடைக்காரருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

"மூணு ஓட்டத்துல ரெண்டு நான் ஓட்டினது. நான் தோத்துட்டேன். நீ ஓட்டினது ஒண்ணுதான், ஒண்ண வெச்சு போட்டின்னு கணக்கு சொல்ல முடியாது. ஒப்பந்தம் அடுத்த ரேஸ்லேந்து" என்றார் நிம்மியிடம். அவள் அப்பாவையே பார்த்தாள். பிறகு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் உள்ளே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

ஆனால் வாசலுக்கு வந்த மனிதரை வெறும் கையோடு அனுப்ப முடியுமா? ஜான்சன் போர்ட்டிகோ மூலையைக் காட்டினார். ரேஸ் இடத்திலிருந்து அள்ளிவந்த கிழித்த தோல் அத்தனையும் அங்கே குவிந்து கிடந்தது. இதை எடுத்துக்கொண்டு போ, பயருக்குப் போகிற ஃபினிஷ் என்றார்.

காயலான் கடைக்காரர் குனிந்தார். ஒரு துண்டை எடுத்து, ஜான்சன் செய்வது போலவே விரலால் தடவினார், மடக்கிப் பார்த்தார், கீழே போட்டார்.

"வாணாம் சார். எடைதான் ஜாஸ்தி, வெல கம்மி."

என் வீட்டுக்காரரின் சர்வீஸிலேயே அவர் ஃபினிஷ் செய்த தோலை ஒருவர் ரிஜெக்ட் செய்தது இதுதான் முதல் தடவை.